ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய குடும்பஸ்தனுக்குச் சில கண்டங்கள் உண்டு. சிலர் பங்குச் சந்தையில் இறங்குவார்கள். சிலர் மொட்டை மாடியில் முள்ளங்கி போடுவார்கள். நான் மலை சைக்கிள் வாங்கினேன். டாக்டர் சொன்னதென்னவோ "கொஞ்சம் நடங்க" என்றுதான். ஆனால் நடப்பதற்கு ரசீது கிடையாது; ரசீது இல்லாத காரியத்தில் எனக்கு ஊக்கம் பிறப்பதில்லை.

வண்டியைச் சுற்றிவந்து பார்த்த மனைவி, "ஸ்டாண்டு எங்கே? கேரியர் எங்கே? மட்கார்டு எங்கே?" என்றாள். மலை சைக்கிளுக்கு அதெல்லாம் கிடையாது என்றேன். "அப்ப விலையைக் குறைச்சாங்களா?"

சரித்திரத்தைச் சொல்லி மடக்கப் பார்த்தேன். 1970களில் கலிஃபோர்னியாவில், மரின் கவுண்டி என்ற இடத்தில், சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் தடதடவென்று இறங்கியதில் பிறந்த விளையாட்டு இது. 1976இல் பந்தயமே வைத்தார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் புகைந்துபோய்விடும். மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். 1996இல் ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க பழைய சைக்கிள்லதானே ஓட்டினாங்க?" என்றாள்.

எனக்கு குரு என் அண்ணன் மகன். பாடசாலை, ஊருக்கு வெளியே ஏரிக்கரை. முதலில் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பாதிக் காற்றைத் திறந்துவிட்டான். காசு கொடுத்து அடித்த காற்று! கரடுமுரடான பாதையில் முப்பது பி.எஸ்.ஐ. போதுமாம்; டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் மண்ணைப் பிடிக்குமாம்.

அடுத்து, "சித்தப்பா, இறக்கத்துல சீட்ல உட்காராதீங்க" என்றான். பின்னே சீட்டை எதற்கு வைத்தார்கள்? இரண்டு பெடலையும் சமமாக வைத்து எழுந்து நின்று, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். வீட்டுக் கண்ணாடியில் அந்தக் கோலத்தைப் பார்த்தேன். மலச்சிக்கலுக்கு வைத்தியம் போல இருந்தது.

"ஹேண்டில்பாரை இறுக்காதீங்க. கல்லைப் பார்க்காதீங்க, போக வேண்டிய வழியைப் பாருங்க. கல்லைப் பார்த்தா வண்டி கல்லு மேலதான் போகும்." இருபது வருடமாகக் கடன் தவணைத் தேதியையே வெறித்துப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? கல்லைத்தான் பார்த்தேன். கல்லும் என்னைக் கைவிடவில்லை. பதற்றத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தியதில் சைக்கிள் சொன்ன இடத்தில் நின்றது. நான் மட்டும் மேற்கொண்டு பயணமானேன். "ரெண்டையும் மெல்லப் பிடிக்கணும் சித்தப்பா" என்று பள்ளத்தின் மேலிருந்து குரல் வந்தது.

பட்டமளிப்பு விழாவுக்கு ஏலகிரி. காட்டுக்குள் ஓட்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் தார்ச்சாலையிலேயே ஏறினோம். மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும். நான் மேட்டின் நடுவில் குறைத்தேன். செயின் நறநறவென்று பல்லைக் கடித்தது. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். சில புலவர்களைச் சீட்டில் உட்கார்ந்தபடி கடந்தேன். மற்றவர்களுக்கு மரியாதை கருதி இறங்கி நடந்தேன். டாக்டர் சொன்னதும் அதுதானே!

பாரி வளைவில் கால் ஓய்ந்துவிட்டது. முல்லைக்குத் தேர் கொடுத்தது இரக்கத்தால் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். மேட்டில் வண்டி தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் உண்மைக் காரணம் புரியும். சுற்றுமுற்றும் பார்த்தேன். முல்லை இல்லை, உண்ணிச்செடிதான் இருந்தது. அதற்காவது கொடுத்திருப்பேன், சாய்த்து வைக்க ஸ்டாண்டுதான் இல்லையே என்று அண்ணன் மகன் தடுத்துவிட்டான்.