கௌரவ உப்பளத் தொழிலாளி பணி வேண்டி

பெறுநர்: உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
பொருள்: கௌரவ விரிவுரையாளர்களை உப்பளத் தொழிலாளர் பட்டியலில் சேர்ப்பது தொடர்பாக.



மரக்காணத்தில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளப் பாத்திகள் மூழ்கும். தை பிறக்கும்வரை உப்பு வார வழியில்லை. இதை உணர்ந்து, 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 தருகிறது. தொகை போதுமா என்பதைப் பாத்தியில் இறங்குகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனாலும், வேலையில்லாத மாதத்திலும் வயிறு உண்டு என்று அரசு எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அதே அரசின் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மாதம் ரூ.25,000, ஆண்டுக்குப் பதினொரு மாதம். மே மாதத்தில் அவர்களுக்குப் பசிக்காது என்பது துறையின் கணிப்பு. மரக்காணத்தில் உப்பு நன்றாக விளைவதும் அந்த மாத வெயிலில்தான். முனைவர்களைப் பாத்தியில் இறக்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். பட்டியலில் பெயர் ஏறியபின் 'வெயில்கால நிவாரணம்' கேட்கவும் வாய் வரும்.

துறைக்கு அவர்கள்மேல் நம்பிக்கையில்லை என்பது அபாண்டம். பாடம் நடத்த, விடைத்தாள் திருத்த, மாணவர் சேர்க்கை மேசையில் உட்கார எல்லாவற்றுக்கும் அவர்களைத்தான் நம்பியிருக்கிறது. அடுத்த ஜூனிலும் அவர்கள் தேவைப்படுவார்கள் என்பதை மட்டும் நம்ப மறுக்கிறது. ஆண்டு தவறாமல் தேவைப்பட்டதெல்லாம் தற்செயல் போலும். இத்தகைய விரிவுரையாளர்களுக்கு மாதம் ரூ.50,000 வரை கொடுக்கலாம் என்று 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. டில்லிக்காரர்களுக்கென்ன, சொல்வார்கள், பணம் கோட்டையிலிருந்து அல்லவா வர வேண்டும்?

முதல்வரிடம் முறையிடலாம் என்றால் பல கல்லூரிகளில் இருப்பவர் பொறுப்பு முதல்வர். துணைவேந்தரிடம் போகலாம் என்றால், 2023 ஆகஸ்டுக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகமே நெடுங்காலம் துணைவேந்தர் இல்லாமல், ஒருங்கிணைப்புக் குழுவின் கையில் ஓடியது. மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தின் கதை இன்னும் ருசி. வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த கல்லூரிகளுக்காக, 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பல்கலைக்கழகம் பிறந்தது. ஆட்சி மாறியது. ஆகஸ்டிலேயே அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது. பதினொரு மாத ஒப்பந்தம்கூட அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வாய்க்கவில்லை.

எனவே, குறைகேட்கும் அதிகாரி யார், அவர் எத்தனை மாதம் அந்த நாற்காலியில் இருப்பார் என்பதைத் துறை முன்கூட்டியே தெரிவித்தால், அடுத்த மனுவை யார் பெயருக்கு எழுதுவது என்று விரிவுரையாளர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
மரக்காணம் கடற்கரை வாசகர் வட்டம்