37 குதிரைகளும் ஒரு மாமனாரும்

மொறிஸ் மைனர் 1000 காரின் 948 சிசி எஞ்சினில் 37 குதிரைகள் இருப்பதாக 1956 இல் கம்பனி அறிவித்தது. சிட்னியில் என் கராஜில் நிற்கும் காரில் அவற்றில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இத்தனைக்கும் இந்த ஊரில் மொறிஸ் கார்களைப் பூட்டிய செற்லாண்ட் தொழிற்சாலை, விக்ரோரியா பார்க் என்ற பழைய குதிரைப் பந்தயத் திடலில் 1950 இல் எழும்பியது. குதிரை ஓடிய மண்ணில் பிறந்தும் பலனில்லை. ப்ளூ மவுண்டன்ஸ் ஏற்றத்தில் பின்னால் யூட்டில் வருகிறவர் முதலில் சிரித்துக் கையசைப்பார். கொஞ்சத்தில் ஹோர்ன் அடிப்பார். கடைசியில் முந்திக்கொண்டு போகையில் மறுபடியும் கையைக் காட்டுவார், ஆனால் அது வேறு விதம்.

ஆகவே குதிரைகளைக் கூட்டுவது என்று தீர்மானித்தேன். மகளின் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்துத் திட்டம் போட்டேன். ஒற்றை எஸ்யூ காபரேற்றரைக் கழற்றிவிட்டு இரட்டை எஸ்யூ. சரி, இரண்டு வாயால் தின்றால் புகை போக வழி வேண்டாமா? புது எக்ஸோஸ்ட். அதுவும் வந்தால் சிலிண்டர் ஹெட்டின் வால்வுகள் சின்னனாய்த் தெரியும். ஹெட்டில் கைவைப்பதானால், எஞ்சினையே 1275 சிசியாக மாற்றினால் என்ன? மினி கூப்பர் எஸ்ஸில் இருந்ததும் இதே ஏ சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தானே. ஆனால் அதன் இழுவையைப் பழைய கியர்பொக்ஸ் தாங்காது. ஓடுகிறது நிற்கவும் வேண்டும். ட்ரம் பிரேக் போதாது, முன் சில்லுகளுக்கு டிஸ்க். இவ்வளவும் செய்தால் இன்ஜினியரிடம் சான்றிதழ். கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தபோது மொறிஸில் மிஞ்சியிருந்தவை கதவுகளும் ஹோர்னும். மனைவி கொப்பியை வாங்கிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, கூட்டல் பிழைச்சுப் போச்சோ?" என்று கேட்டாள். பிழைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

இதையெல்லாம் செய்து எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறேன்? நியூ சவுத் வேல்ஸில் 30 வயதைத் தாண்டிய கார்களுக்கு மலிவுப் பதிவு உண்டு. பழைய கார்க் கழகம் ஒன்றில் சேர்ந்து, லொக்புக் வைத்து, சொந்தத் தேவைக்கு வருடத்தில் 60 நாள் ஓட்டலாம். பால் வாங்கப் போனாலும் கிளம்புமுன் எழுத வேண்டும். மெல்பேண்காரர்களுக்குக் கொஞ்சம் தாராளம்: கார் 25 வயதைத் தாண்டினால் போதும், 45 நாளா 90 நாளா என்று அவர்களே தெரிவு செய்யலாம்.

கொப்பி அடுத்ததாக மாமனாரின் கைக்குப் போனது. மாமா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ 40 ஹயர் கார் ஓட்டியவர். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து வடக்கே பெற்றோல் நின்றபோது அந்த ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டுகளைக் காபரேற்றரின் வாய்க்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. இந்தத் தந்திரம் பலித்ததற்குக் காரணம் அந்தக் கிழட்டு எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதே. நான் பெருங்காசு கொடுத்துக் கூட்டப் பார்ப்பதும் அதே அமுக்கத்தைத்தான்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"தம்பி, எல்லாம் பூட்டினாப் பிறகு எத்தினை குதிரை வரும்?"

"எழுபது வரும் மாமா."

"எங்கை போறதுக்கு?"

வென்ற்வேர்த்வில்லில் தோசைக் கடைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

"சரி, பொனெற்றைத் திறவும்."

பொனெற்றின் கீழே இருந்தது அந்த ஒற்றை எஸ்யூ காபரேற்றர். அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் சப்பாத்து வியாபாரம். ஆரம்பக் காபரேற்றர்களில் தோலால் செய்த துருத்திகூட இருந்தது. தோல் போய்ப் பிஸ்ரன் வந்தது, குணம் அப்படியே. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்ரன் மேலே எழும்பும், அதோடு கூம்பான ஊசியும் ஜெற்றிலிருந்து எழும்பிப் பெற்றோலைக் கூட்டி விடும்.

மாமா காபரேற்றரைத் தொடவில்லை. டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பொயின்றுகளைப் பார்த்தார். "காபரேற்றர் வருத்தத்திலை முக்கால்வாசி கரண்ட் வருத்தம், தம்பி" என்றபடி, ஹோலில் கிடந்த யாரோ ஒருவருடைய கலியாணக் காட்டின் ஓரத்தைக் கிழித்து இடைவெளி வைத்தார். எனக்கு நெஞ்சு பொறுக்காமல் பீலர் கேஜை எடுத்து அளந்தேன். 15 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு. புத்தகத்தில் இருப்பதும் அதுவே.

அதன் பிறகுதான் காபரேற்றரின் உச்சியில், டாஷ்பொட்டின் மேல் இருந்த பித்தளைத் திருகைத் திறந்தார். உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. காரை விற்றவர் அந்தத் துளையைப் பார்த்ததே இல்லைப் போலும். எண்ணெய் விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, பிஸ்ரனைத் தூக்கும் சின்னத் தண்டை விரல் நுனியால் மெல்ல உயர்த்தினார். சத்தம் ஏறி அப்படியே நின்றது. "பெற்றோல் கூடிப் போச்சு." அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு பட்டை திருப்பினார். மறுபடி தூக்கினார். இந்த முறை சத்தம் ஒரு கணம் ஏறி, பின் பழைய நிலைக்கு இறங்கியது. மாமா கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்டார்.

கார் இப்போது ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போகிறது. யூட்காரர்கள் ஹோர்ன் அடிப்பது நிற்கவில்லை. கொஞ்சம் தாமதமாக அடிக்கிறார்கள். இரட்டை எஸ்யூ ஆசை எனக்கு விட்டுப் போகவுமில்லை. ஆனால் மொறிஸ் வைத்திருக்கும் அன்பர்களே, கொப்பியைத் திறக்குமுன் வால்வு இடைவெளி 12 தௌ, பொயின்ற் 15, பிளக் 25 இருக்கிறதா பாருங்கள், டாஷ்பொட்டில் எண்ணெய் விடுங்கள். அதற்குப் பிறகும் குதிரை போதாவிட்டால் தாராளமாகச் செலவழியுங்கள். கூட்டல் கணக்கை மட்டும் வீட்டில் வைத்துப் போடாதீர்கள்.