நூல் எங்கே முடிகிறது?

கேள்வி: சர்வரின் பதிலை சாக்கெட்டில் ஒரே முறை படித்தால் போதாதா? என் கணினியில் சரியாகத்தானே வருகிறது!
(வாசகர், அமராவதி நகர், திருப்பூர்)

பதில்: போதாது. டிசிபி தருவது வெறும் பைட்டுகளின் ஓட்டம். பனியன் எங்கே முடிகிறது என்று கோன் நூலுக்குத் தெரியாது. ஒரே கணினிக்குள் சோதித்தால் சின்னப் பதில் மொத்தமாக வந்துவிடும். வெளியே, ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட்டுதான். மிச்சம் பின்னால் வரும். 'இணைப்பு மூடும்வரை படிக்கிறேனே' என்பீர்கள். 1997இல் வந்த எச்டிடிபி 1.1 இணைப்பை இயல்பாகத் திறந்தே வைக்கும். நீங்கள் காத்துக் கிடப்பீர்கள். ஆகவே வெற்று வரி வரை தலைப்புகளைப் படியுங்கள். பிறகு கன்டென்ட்-லெங்த் சொன்ன பைட்டுகள் சேரும்வரை திரும்பத் திரும்பப் படியுங்கள். நீளம் சொல்லாமல் துண்டு துண்டாக அனுப்பும் சர்வரென்றால், 0 அளவுள்ள துண்டே முடிவு. எழுத்தை மட்டும் எண்ணாதீர்கள்! 'திருப்பூர்' நமக்கு ஐந்தெழுத்து, யூடிஎஃப்-8க்கு 30 பைட்டு. பாதியில் வெட்டுப்பட்டால் ஊர்ப்பெயரே சிதையும். முழுதும் சேர்ந்தபின் எழுத்தாக்குங்கள்.