ஆண்டறிக்கையின் பின்பக்கங்களை நீக்கியருளக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தலைவர், இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் (செபி), மும்பை.

அனுப்புநர்: தாம்பரம் வட்டாரச் சிறு பங்குதாரர்கள்.

மாண்பமை வாரியத்தின் கனிந்த பார்வைக்கு,

பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொன்றும் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள்களுக்கு முன் பங்குதாரர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கை, முன்பாதி வண்ணத்திலும் பின்பாதி கறுப்பு வெள்ளையிலுமாக அமைந்திருப்பதை வாரியம் அறியும். முன்பாதியை நிறுவனம் விரும்பி எழுதுகிறது. பின்பாதியை 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்துக்கும் வாரியத்தின் விதிகளுக்கும் அஞ்சி எழுதுகிறது. ஒரு தோல் கம்பெனியின் பெயரையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் குரோம்பேட்டையிலும், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரித்த கம்பெனியின் நிலத்தில் இன்று ஐ.டி. அலுவலகங்கள் நிற்கும் பெருங்களத்தூரிலும் வசித்து, கம்பெனிகள் வருவதையும் போவதையும் கண்டு பழகிய மனுதாரர்கள், அஞ்சி எழுதப்படும் அந்தப் பின்பாதியை அடியோடு நீக்குமாறு பணிவுடன் வேண்டுகிறார்கள்.

முன்பாதியால் எவருக்கும் தீங்கில்லை. அதில் தலைவரின் புன்னகையும், காற்றாலையும், தலைக்கவசம் அணிந்த பெண் பொறியாளரும், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டத்தின் கட்டாயத்தால் மேசை நாற்காலி பெற்ற பள்ளிக் குழந்தைகளும் இடம்பெறுகிறார்கள். இலாபம் கூடினால் அது நிர்வாகத்தின் தொலைநோக்காலும், குறைந்தால் அது பருவமழை, மூலப்பொருள் விலை, எங்கோ நடக்கும் போர் ஆகியவற்றாலும் நேர்ந்தது என்று அப்பகுதி விளக்கிவிடுவதால், வாசிப்பவர் நிம்மதியாகப் பகல் தூக்கத்துக்குச் செல்ல முடிகிறது.

கேடு பின்பாதியில்தான் தொடங்குகிறது. கணக்குகளுக்கான குறிப்புகள் எனப்படும் பொடி எழுத்துப் பக்கங்களில், சரக்கை வாங்கியவர்களிடமிருந்து இன்னும் வராத தொகையை ஆறு மாதத்துக்கு உட்பட்டது, ஓராண்டு வரை, ஈராண்டு வரை, மூவாண்டு வரை, அதற்கும் மேல் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்றுண்டு. 2021 ஏப்ரல் முதல் இதைக் கட்டாயமாக்கியதன் மூலம் அரசு எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பதை வாரியம் எண்ணிப்பார்க்க வேண்டும். இக்குறிப்புகளுக்கு முன்னால் வரும் ரொக்க ஓட்ட அறிக்கையோ, அதாவது அவ்வாண்டில் உண்மையில் கைக்கு வந்த பணத்தையும் கையை விட்டுப்போன பணத்தையும் மட்டும் காட்டும் கணக்கோ, இன்னும் நாகரிகமற்றது. சேலையூர் மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டில் எழுதியதையெல்லாம் விற்பனை என்று சொல்லி மகிழ்ந்திருக்கும்போது அவருடைய மனைவி கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டுவதை ஒத்த செயல் அது. இலாபம் ஆண்டுதோறும் ஏறியும் தொழிலிலிருந்து வரும் ரொக்கம் ஏறாத நிறுவனத்தை இவ்வறிக்கையையும் இலாப நட்டக் கணக்கையும் அருகருகே வைத்து எவரும் அடையாளம் கண்டுவிடலாம் என்ற நிலை, வண்ணப்பக்கங்களுக்குச் செலவிட்ட பணத்தை அவமதிப்பதாகும்.

தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பும் இத்தகையதே. இயக்குநர்கள், அவர்தம் உறவினர்கள், அவர்களின் பிற நிறுவனங்கள் ஆகியோருடன் நடந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்லும் இக்குறிப்பு, மைத்துனரின் கட்டடத்துக்குக் கம்பெனி தரும் வாடகை போன்ற குடும்ப விஷயங்களை ஊரறியச் செய்கிறது. நிர்வாக இயக்குநரின் ஊதியம், ஊதிய வரிசையில் நடுவில் நிற்கும் ஊழியரின் ஊதியத்தைப்போல எத்தனை மடங்கு என்பதையும் சட்டம் அச்சிடச் சொல்வதால், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கு ஷிப்டு வண்டியில் வரும் தொழிலாளி தேவையில்லாத வகுத்தல் கணக்குகளில் ஈடுபடும் அபாயம் எழுகிறது.

மனுதாரர்களின் வாதத்துக்கு வலுவான சான்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ். நிறுவன நல்லாட்சிக்கான தங்கமயில் விருதை 2008இல் பெற்ற அந்நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், இருப்புநிலைக் குறிப்பில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை என்றும், சேர்ந்ததாகக் காட்டிய வட்டி ரூ.376 கோடியும் அவ்வாறே என்றும் ஒப்புக்கொண்டார். தணிக்கையாளரின் கையெழுத்துப் பெற்ற எண்களும் பொய்யாகலாம் என்று இதிலிருந்து சிலர் பாடம் கற்கிறார்கள். உண்மையில் கவனிக்கத்தக்கது வேறு: பொய்யான எண்கள் யாவும் பின்பாதியைச் சேர்ந்தவை, ‘வாடிக்கையாளரின் மகிழ்ச்சியே எங்கள் குறிக்கோள்’ என்ற வகை முன்பக்க வாக்கியங்கள் மெய்யென்றோ பொய்யென்றோ எவராலும் நிறுவ முடியாதவை ஆதலால், அவற்றின் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிற்காது.

சிறு பங்குதாரர்கள் வாசிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்தில் ஆலை நடத்தும் பட்டர்ஃபிளை காந்திமதி அப்ளையன்சஸ், வீட்டுக்கு வீடு கிரைண்டரும் அடுப்பும் தந்த பெயர், 2022இல் கிராம்ப்டன் கிரீவ்ஸ் கன்ஸ்யூமர் எலெக்ட்ரிகல்ஸின் கைக்கு மாறியது. ஐந்து பட்டர்ஃபிளை பங்குக்கு 22 கிராம்ப்டன் பங்கு என்ற விகிதத்தில் இரண்டையும் இணைக்கும் திட்டம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, முக்கால் பங்கைக் கையில் வைத்திருந்த உரிமையாளர் நிறுவனத்தால் அதை நிறைவேற்ற முடியவில்லை. இத்தகைய திட்டத்துக்குப் பொதுப் பங்குதாரர்களின் பெரும்பான்மை தனியே வேண்டும் என்று வாரியமே விதித்திருந்தது, அவர்களோ மறுத்துவிட்டார்கள். தங்கள் கம்பெனியின் பங்குக்கு எத்தனை பங்கு தகும் என்ற கணக்கை வண்ணப்படங்களைப் பார்த்துப் போட்டிருக்க வழியில்லை. இந்தப் பழக்கம் இச்சாலையோடு நிற்குமென்று உறுதி கூற மனுதாரர்களால் இயலாது.

முழுமையாக நீக்குவது கடினமெனில், இடைக்கால நிவாரணமாக இணையச் சுட்டி தாங்கிய ஒற்றைக் கடிதத்தை மட்டும் சிலருக்கு அனுப்பும் நடைமுறையை எல்லோருக்கும் விரிவாக்கலாம். 400 பக்கங்களைக் கைப்பேசித் திரையில் படிக்கும் ஓய்வூதியர் எத்தனை பேர் என்பது வாரியத்துக்குத் தெரியாததன்று. வரித்துறை கேட்டும் கம்பெனி கொடுக்க மறுக்கும் தொகைகளைக் கூறும் குறிப்பில், ‘சட்ட ஆலோசனைப்படி நிறுவனத்துக்குச் சாதகமாக முடியும்’ என்ற ஒற்றை வரியை மட்டும் விட்டுவைத்து, தொகைகளை நீக்கினாலும் போதும்.

இவ்விண்ணப்பத்தின் படி, முதலீட்டாளர் குறைகளுக்காக வாரியம் நடத்தும் ஸ்கோர்ஸ் தளத்திலும் பதிவேற்றப்படுகிறது. அங்கு வரும் மனு, எந்த நிறுவனத்தைப் பற்றியதோ அந்த நிறுவனத்துக்கே முதலில் சென்று, 21 நாள்களுக்குள் பதில் பெறும் ஏற்பாடு இருப்பதால், பட்டியலிலுள்ள எல்லா நிறுவனங்களும் கெடுவுக்கு வெகுமுன்பே இதை ஒருமனதாக வழிமொழியும் என்று மனுதாரர்கள் நம்புகிறார்கள்.

இங்ஙனம்,
தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ச் சிறு பங்குதாரர்கள்