மைலேஜ் எவ்வளவு கொடுக்குது? ஒரு பொருளியல்-திணையியல் ஆய்வு

புதுக் கார் வாசலில் வந்து நின்று, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காய்வதற்குள் எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிடுவார்: “மைலேஜ் எவ்ளோ சார் குடுக்குது?” பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டவர் ஒருவரும் இவ்வாய்வாளரின் களப்பணியில் அகப்படவில்லை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற ஒற்றை எண்ணால் ஒரு குடும்பத்தின் சாமர்த்தியத்தையே அளந்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த எண் நீண்டகாலத்தில் எவ்வளவு பணத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருதுகோள்: நாம் நம்பும் அளவுக்கு இல்லை.

மைலேஜ் நால்வகைப்படும். முதலாவது ஏட்டு மைலேஜ். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில், சுழலும் உருளைகளின்மேல் காரை ஏற்றி, குழியோ மாடோ குறுக்கே வராத ஒரு கற்பனைப் பயணத்தை நிகழ்த்திப் பெறப்படுவது. இரண்டாவது ஷோரூம் மைலேஜ். ஏட்டு மைலேஜில் ஒன்றிரண்டைக் குறைத்து, அந்தக் குறைப்பாலேயே நம்பிக்கையைச் சம்பாதிப்பது. மூன்றாவது கல்யாண மண்டப மைலேஜ். பந்திக்குக் காத்திருக்கும் வேளையில் சகலைகள் இருவருக்கிடையே உருவாவது இது. மூத்த சகலை பதினெட்டு என்றால் இளையவருடையது இருபதுக்குக் குறையாது. பாயசம் வருவதற்குள் இருபத்து நான்கைத் தொட்டதும் உண்டு. நான்காவது மெய் மைலேஜ். டேங்க்கை முழுக்க நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி முழுக்க நிரப்பி, வகுத்துப் பார்ப்பது. இதைச் செய்து பார்த்தவர்கள் முடிவை வெளியிடுவதில்லை.

மெய் மைலேஜும் நிலத்துக்கு நிலம் மாறும் என்பதால் திணைக் கோட்பாடு இங்கே துணைக்கு வருகிறது. குறிஞ்சி என்பது எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை. இரண்டாம் கியரிலேயே பொழுது போகும். நெய்தல் கிழக்குக் கடற்கரைச் சாலை. முல்லை, மருதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிராக்டர் வழிவிட்டால் சரி. பாலைதான் ஆய்வுக்குரியது. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, பிற நிலங்கள் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று நம் மரபு சொல்கிறது. மாலை ஆறரை மணிக்குச் சென்னையின் கத்திப்பாரா சந்திப்பைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரிவது டேங்க்கை விட்டுப் பெட்ரோல். இந்தத் திணையில் செழிப்பது ஹைபிரிட் கார் ஒன்றுதான். நின்றால் இன்ஜினை அணைத்துவிடும். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை பேட்டரியில் சேர்த்து வைக்கும். நெரிசலில் மற்ற கார்களின் மைலேஜ் சரியும்போது இது மட்டும் தலைநிமிர்ந்து நிற்கும். சிக்கல் அதன் விலையில்.

கணக்குக்குப் போகுமுன் முன்னோர் ஆய்வு ஒன்றைச் சுட்டியாக வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் இருவரும் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில், மைலேஜ் எண் மனிதர்களை ஏமாற்றுகிறது என்று காட்டினார்கள். நம்மூர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் காரில், மைலேஜ் 10இலிருந்து 12 ஆனால் மிச்சம் 200 லிட்டர். 15இலிருந்து 20 ஆனாலும் அதே 200 லிட்டர். 20இலிருந்து 30க்குப் பாய்ந்தாலும் அதே 200தான்! பத்து எண் ஏறியவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இரண்டு எண் ஏறியவர் வாய் திறக்க மாட்டார். பெட்ரோல் பங்க்கில் இருவருக்கும் மிஞ்சியது ஒரே தொகை. ஐரோப்பியர்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பி அளப்பதால் இந்த மயக்கம் அவர்களுக்குக் குறைவு. பாவம், அவர்களுடைய கல்யாணங்களில் பேச விஷயமும் குறைவாகத்தான் இருக்கும்.

இனி பரிசோதனை. 12 லட்ச ரூபாய்க்கு, லிட்டருக்கு 15 கொடுக்கும் சாதா பெட்ரோல் கார் ஒன்று. இரண்டரை லட்சம் கூட வைத்தால் 20 கொடுக்கும் ஹைபிரிட் கார் மற்றொன்று. பெட்ரோல் விலை, வகுக்க வசதியாக, லிட்டர் 100 ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு இரண்டாவது கார் வருடத்துக்கு 20,000 ரூபாய் மிச்சம் பிடித்துத் தரும். பன்னிரண்டரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று ஷோரூம் பையன் சொல்லக்கூடும். அவர் சாலை வரியை மறந்துவிட்டார். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்ச ரூபாய்க் காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். கூடுதல் இரண்டரை லட்சத்துக்கு 45,000 ரூபாய் வரி சேர, மைலேஜுக்காகக் கொடுத்தது 2,95,000 ஆகிறது. இதையே 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் வருடத்துக்கு 20,650 ரூபாய் வந்திருக்கும். அதாவது, பெட்ரோலில் மிச்சம் பிடித்ததைவிட 650 ரூபாய் அதிகம். முதலும் அப்படியே இருக்கும். (வட்டிக்கு வருமான வரி உண்டே என்று கேட்பவர்கள், தவணையில் கார் வாங்கினால் கட்டும் வட்டியையும் சேர்த்துக் கேட்கவும்.)

யாரும் கேட்காத செலவு ஒன்று இருக்கிறது: தேய்மானம். காப்பீட்டுக் கணக்கில், நான்கு வயதைத் தாண்டி ஐந்தை நெருங்கும் காரின் மதிப்பு பாதியாகிவிடும். 12 லட்ச ரூபாய்க் கார் ஐந்து வருடத்தில் ஆறு லட்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும், வருடத்துக்கு 1,20,000. அதே கார் குடிக்கும் பெட்ரோல் வருடத்துக்கு 80,000தான். பெட்ரோலுக்குக் கையிலிருந்து எண்ணிக் கொடுக்கிறோம், அதனால் வலிக்கிறது. தேய்மானத்துக்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. மைலேஜுக்காகக் கூடக் கொடுத்த இரண்டரை லட்சமும் இதே விகிதத்தில் தேயும்: வருடத்துக்கு 25,000. மிச்சமான 20,000 அதற்கே போதவில்லை. பழைய கார் சந்தையில் ஹைபிரிடுக்கு மவுசு கூடினால் இந்தக் கணக்கு கொஞ்சம் இளகும் என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம்.

வரலாற்றுச் சான்றும் உண்டு. டீசல் விலையை அரசு கட்டிவைத்திருந்த காலத்தில், மைலேஜும் அதிகம் எரிபொருளும் மலிவு என்று பலர் லட்ச ரூபாய் கூடக் கொடுத்து டீசல் கார் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த இடைவெளி போகப்போகச் சென்னையில் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. பதினைந்து வருடத்துக்குப் போட்ட கணக்கை அரசாணை ஒன்று ஆறே வருடத்தில் அழித்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மைலேஜுக்குப் பக்க விளைவும் இருக்கிறது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் நீராவி இயந்திரம் வந்தபின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே எழுதினார். நம் வீடுகளில் இது “வண்டிதான் நல்லா மைலேஜ் குடுக்குதே, திருச்செந்தூர் போயிட்டு வந்துடலாமா?” என்ற வடிவில் வெளிப்படும். சென்னையிலிருந்து போக வர ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 என்றாலும் 6,500 ரூபாய் பெட்ரோல். மூன்று முறை முருகனைத் தரிசித்தால் வருடத்தின் மிச்சம் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்தது. புண்ணியம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இதையெல்லாம் எந்தச் சூத்திரமும் இல்லாமல் அறிந்தவர்கள் வாடகைக் கார் ஓட்டுநர்கள். அவர்கள் மைலேஜை மட்டும் பார்ப்பதில்லை, “கிலோமீட்டருக்கு என்ன நிக்குது?” என்பார்கள். மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்த இருபது கொடுக்கும் கார் வருடத்துக்கு 60,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும். கூடுதல் விலையும் வரியும் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். அவர்கள் தாராளமாக வாங்கலாம். மாதம் ஆயிரத்துக்குள் ஓட்டுகிறவர்கள் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் சகலை சொல்லும் எண்ணைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளட்டும். கடன் முடிந்து நன்றாக ஓடும் பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டையும் வாங்க வேண்டாம். டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டு அதையே ஓட்டுங்கள்.