ஆளுக்கு எவ்வளவு வரும்?
நண்பர் குழுவோடு குறைந்த செலவில் அந்தமான் போய்த் திரும்ப ஓர் எளிய வழிகாட்டி

அந்தமானுக்குக் காசைச் செலவழித்தும் போகலாம், நண்பர்களோடும் போகலாம். காசு உள்ளவர்களுக்குக் கையேடு தேவையில்லை. இது மற்றவர்களுக்கானது. நண்பர்களோடு போகும்போது ஒவ்வொரு தென்னை மரமும் ஒவ்வொரு அலையும் ஒரே கேள்வியோடுதான் எதிர்ப்படும்: ‘மச்சி, ஆளுக்கு எவ்வளவு வரும்?’ கீழ்க்கண்ட படிகளைப் பின்பற்றினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஆனால் ஊர் திரும்பிவிடலாம்.

1. குழு சேர்த்தல்

முதலில் வாட்ஸ்அப் குழு. பெயர் ‘அந்தமான் கன்ஃபர்ம்’ என்றே இருக்கட்டும். எதுவும் உறுதியாகாத நேரத்தில் பெயராவது உறுதியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பேரைச் சேருங்கள். எட்டுப் பேர் வருவார்கள் என்று நம்பி, ஆறு பேருக்குத் திட்டம் போட்டு, ஐந்து பேராகக் கிளம்புவதே முறை.

இதன் கணிதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சுற்றிப் பார்க்க ஒரு வேனுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 500. அந்த 500-ஐப் பார்த்துத்தான் எல்லோரும் ‘நான் வரேன்டா’ என்கிறார்கள். ஆறு பேர் கழன்றதும் அது 1,000 ஆகிறது. அந்த 1,000-ஐப் பார்த்த இன்னொருவருக்குத் திடீரென்று மச்சினிச்சி கல்யாணம் வந்துவிடும். இப்போது 1,200. ஆள் குறையக் குறையப் பங்கு ஏறும், பங்கு ஏற ஏற ஆள் குறையும். கடைசியில் மிஞ்சுகிறவர்கள் கடலை நேசிப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். ரீஃபண்ட் கிடைக்காத டிக்கெட்டை அவசரப்பட்டுப் போட்டவர்கள் அவர்கள். ஆகவே எல்லோரையும் அவசரப்படுத்துங்கள்.

குழுவில் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் நால்வர். ஒருவர் கணக்குப்பிள்ளை. இரண்டாமவர் ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ ஆசாமி. இவர் கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார், விமான நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்பார். மூன்றாமவர் ‘எனக்கு எதுனாலும் ஓகே’. இவரிடம் எச்சரிக்கை தேவை. தங்கும் இடம், சாப்பாடு, படகு என்று எல்லாவற்றுக்கும் ஓகே சொல்லிவிட்டு, போய் இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகக் குறை சொல்லத் தொடங்குவார். நான்காமவர் ‘அங்க நமக்கு ஒரு ஆள் இருக்கு’. உண்மைதான், அந்தமானில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை, தலைநகரின் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் நம்முடைய அந்த ஆள் மட்டும் அந்த வாரம் லீவில் மதுரைக்கு வந்திருப்பார்.

2. காலம் குறித்தல்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், விலைகள் கொந்தளிக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. சிக்கனக்காரர்கள் ஜூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறை பாதி விலைக்குக் கிடைக்கும். அந்த அறையைவிட்டு வெளியே வர முடியாது என்பதால் போட்ட காசுக்கு முழுப் பலனும் உண்டு. கடல் சீறினால் தீவுகளுக்கிடையே படகு ஓடாது. ஒரு நாள் தங்கப் போன இடத்தில் மூன்று நாள் தங்க நேரலாம். அந்த உபரி நாட்களின் வாடகையை ஐந்தால் வகுத்துப் பார்த்து ஆறுதல் அடையுங்கள்.

3. போய்ச் சேருதல்

சென்னையிலிருந்து கடல் வழியே ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பலில் பங்க் வகுப்பு என்று ஒன்று உண்டு. வரிசையாகப் படுக்கைகள், மலிவான கட்டணம். உங்களுக்கு ஆபீஸில் கிடைத்த லீவு ஆறு நாள் என்றால் போக மூன்று, வர மூன்று, கணக்குக் கச்சிதம். தீவைப் பார்க்க நேரம் இருக்காது என்பது உண்மைதான். கடலை யாரும் உங்களைவிட அதிகமாகப் பார்த்திருக்க முடியாது.

விமானம்தான் என்று முடிவானால் எல்லாவற்றிலும் மலிவான டிக்கெட்டைப் பிடியுங்கள். அது விடிவதற்கு முன் கிளம்பும். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த 600 ரூபாயை டாக்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மேலே 300 போடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பெட்டிக்கு 15 கிலோதான் அனுமதி. எடை போடும் இடத்தில் அதைத் தாண்டினால், ஜீன்ஸ் மேல் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஏறலாம். வெப்பமண்டலத் தீவுக்கு அதுவே பொருத்தமான உடை.

இறங்கும் ஊரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரிலேயே சுவராஜ் தீவாகவும் நீல் தீவு ஷஹீத் தீவாகவும் மாறின. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் இருக்கும். ‘எதுனாலும் ஓகே’ ஆசாமி, ஹேவ்லாக்குக்குப் போக வேண்டிய நாம் ஏன் சுவராஜ் தீவுக்குப் படகு ஏறுகிறோம் என்று ஜெட்டியில் நின்று தகராறு செய்வார். அவரைப் படகில் ஏற்றிய பிறகு விளக்கம் சொன்னால் போதும்.

4. தங்குதல்

ஐந்து பேருக்கு இருவர் தங்கும் அறை ஒன்று போதும் என்பது பட்ஜெட் பயணத்தின் அடிப்படைக் கொள்கை. வரவேற்பறைக்கு இரண்டு பேர் மட்டும் போங்கள். மற்ற மூவரும் தென்னை மரத்தடியில் நின்று, அன்னியர்கள் போல மேலே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

“எத்தனை பேர் சார்?”

“ரெண்டு பேர்தாங்க.”

அவர் உங்கள் பின்னால் கிடக்கும் ஐந்து பைகளைப் பார்ப்பார். பிறகு ஜன்னல் வழியே மரத்தடியைப் பார்ப்பார். அங்கே மூவரில் ஒருவர், அந்த நேரம் பார்த்து, “மச்சி, பாத்ரூம் இருக்கானு கேளுடா” என்று கத்துவார். “அஞ்சு பேருக்கும் ஆதார் குடுங்க சார். எக்ஸ்ட்ரா பெட் மூணு போட்டுடறேன்” என்று அவர் பேரேட்டைத் திருப்பி வைப்பார். முகத்தில் கோபமே இருக்காது. காலையில் வந்த குழுவும் அதே மரத்தடியில்தான் நின்றது.

இரவு தூங்க முயலுங்கள், ஆனால் காலை வரை தூங்கலாம் என்று எண்ண வேண்டாம். நம் கடிகாரம் ஓடுவது மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் தீர்க்கரேகையை வைத்து. அந்தமானோ அதற்கு வெகு கிழக்கே கிடக்கிறது. அதனால் ஐந்து மணி வாக்கிலேயே வெளிச்சம் வந்துவிடும், மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். பத்து மணிக்கு எழுந்து, குளியலறைக்கு ஐவரும் வரிசையில் நின்று, பன்னிரண்டுக்கு வெளியே வந்தால் பகலில் பாதி போயிருக்கும். வாடகை மட்டும் முழுசு.

5. தீவுக்குத் தீவு

ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை. அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு. தீவுக்காரர்களுக்கு அதுதான் டவுன்பஸ். அதனால் வெளியூர்க்காரருக்குச் சீட்டு கிடைப்பது லேசில்லை. கவுன்டரில் நிற்க ஒருவரை அனுப்புங்கள். அவர் நின்ற நேரத்துக்குக் கூலி கேட்க மாட்டார், ஆனால் பயணம் முடியும்வரை அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருப்பார். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ‘எனக்கெல்லாம் அது தேவையில்ல’ என்பவரைக் காற்று அடிக்கும் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண்கள் உண்டு. ஏழாம் எண் கடற்கரைதான் ராதாநகர். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது அதைத்தான். அங்கே மணலில் உட்காருவதற்குக் காசு இல்லை. ஆகவே நிறைய நேரம் உட்காருங்கள், மொத்தப் பயணத்திலும் விலை ஏறாத பொருள் அது ஒன்றுதான். முதலை எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் படியுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. உப்புநீர் முதலைகள் அந்தத் தீவுகளின் பழைய குடிகள், பட்ஜெட் பயணிகளிடம் அவை பாகுபாடு காட்டுவதில்லை.

6. சாப்பாடு

மீன் புதுசாகவும் நியாயமான விலையிலும் கிடைக்கும். காய்கறியில் பெரும்பகுதி கப்பலேறி வருவதால் விலை கூடுதல். எனவே குழுவில் சைவம் ஒருவராவது இருப்பது நல்லது. ‘நான் வெறும் தயிர் சாதம்தானே சாப்பிட்டேன், வஞ்சிரத்துக்கு நான் ஏன் பங்கு குடுக்கணும்?’ என்ற அவர் கேள்வி இல்லாமல் எந்தச் சாப்பாட்டு மேசையும் நிறைவு பெறாது. ஹேவ்லாக் ஊர்களை அமைத்தவர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆகவே பருப்பிலும் மீன் குழம்பிலும் வங்காளக் கைப்பக்குவம் இருக்கும். நன்றாகவும் இருக்கும். ஆனாலும் இரண்டாம் நாள் யாராவது ஒருவர் பையிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை எடுப்பார். அது மூன்று நாள் பழசு. அதற்குத்தான் அடிபிடி நடக்கும், கணக்கில் மட்டும் ஏறாது.

7. ஸ்கூபாவும் பிறவும்

நீச்சல் தெரியாதவரும் பயிற்றுநரின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூபா செய்யலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள், அது சிக்கனத்தில் சேராது. முங்கி எழுந்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. ஆகவே கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மதியம் விமானம் என்று திட்டம் போடுபவரைக் குழுவின் தலைவர் பதவியிலிருந்து இறக்குங்கள். மணலில் கிடக்கும் பவளத்துண்டை வீட்டுக்கு எடுத்துவர எண்ணாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அபராதத்தை ஐந்தால் வகுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

பாராதாங் குகைக்குப் போகும் சாலை ஜாரவா மக்களின் வனத்துக்குள் செல்கிறது. வண்டிகள் காவலோடு அணியாகத்தான் போகும். நிறுத்தவும் கூடாது, அவர்களைப் படமெடுக்கவும் கூடாது. இந்தக் கையேட்டில் கேலி இல்லாத விதி இது ஒன்றுதான். அவர்கள் யாருடைய சுற்றுலாவும் இல்லை.

பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்துத் தென்னைகளும் கலங்கரை விளக்கமும் நார்த் பேயைப் பார்க்கும் காட்சி. அந்த நோட்டைக் கையில் பிடித்து, அதே காட்சியின் முன் படம் எடுப்பது மரபு. நோட்டு ஒருவரிடம்தான் இருக்கும். காற்றடிக்கும்போது மற்றவர் வாங்கிப் பிடிப்பார். நோட்டு பறந்து கடலுக்குப் போகும். கணக்குப்பிள்ளை அப்போதே போனை எடுத்து ‘நோட்டு, 20, ஆளுக்கு 4’ என்று பதிவார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். கடலுக்கும் அதே விதிதான்.

8. கையில் காசு

சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் 2020 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தபின் அங்கே இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஜெட்டியில் கிடைக்கும் சிக்னல் இளநீர்க் கடையில் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், இளநீர்க்காரர் அரிவாளோடு காத்திருப்பார். அந்த நேரத்தில் ரொக்கம் வைத்திருக்கும் ஒரே ஆள்தான் குழுவின் வங்கி. வங்கியாக வேண்டாம் என்பதே என் அறிவுரை. வங்கிக்கு வட்டி கிடைக்கும், உங்களுக்கு ‘அப்புறம் தரேன் மச்சி’ கிடைக்கும்.

9. கணக்கு முடித்தல்

ஊர் திரும்பியதும் எக்செல் தாள் வரும். ‘இளநீர்: 4. குடித்தவர்கள்: 5’ என்பது போன்ற மர்மங்கள் அதில் இருக்கும். ஒருவர் 730 தர வேண்டும், இன்னொருவருக்கு 415 வர வேண்டும். ஸ்கூபா செய்யாமல் கரையில் உட்கார்ந்து செருப்புக்குக் காவலிருந்தவர், வீடியோ கட்டணத்தில் தனக்கு ஏன் பங்கு என்று நீண்ட குரல்பதிவு அனுப்புவார்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். நாகரிகம் என்று நினைத்து அன்றைக்கே பைசா பாக்கியில்லாமல் தீர்த்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டவர்களுக்குப் பேச வேறு சாக்கு கிடையாது. ‘டேய், அந்தப் படகு காசு என்னாச்சு?’ என்று ஒருவர் கேட்க, ‘நீதான்டா எனக்குத் தரணும்’ என்று இன்னொருவர் சொல்ல, அரை மணி நேரம் பேச்சு போகும். படகைப் பற்றி அதில் இரண்டு நிமிடம்தான். மிச்சமெல்லாம் அப்பாவின் சுகர், பையனின் ஸ்கூல் சீட், மாறப் போகும் வேலை. கணக்கை நேர் செய்துவிட்ட குழுக்களில் பிறந்தநாள் கேக் படத்தைத் தவிர வேறெதுவும் வருவதில்லை.

ஆகவே கொஞ்சம் பாக்கி வையுங்கள். தொகையில் மட்டும் கவனம் தேவை. நூறு ரூபாய்க்குக் கீழே இருந்தால் கேட்கக் கூச்சமாக இருக்கும், இரண்டாயிரத்தைத் தாண்டினால் உண்மையிலேயே கேட்டுவிடுவார்கள்.