ஒழுங்கற்ற புரதத்தை ஒழித்துக்கட்டுவது எப்படி?

புரத ஆய்வில் இறங்கிவிட்டீர்கள், வாழ்த்துகள். உங்கள் புரதத்தில் ஒரு பகுதி ஒழுங்காக மடிந்து நிற்கிறது. மீதி எந்த வடிவத்திலும் நிற்காமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. இந்த மீதிதான் ஆய்வேட்டைக் கெடுக்கும். பதற வேண்டாம். கீழே உள்ளவற்றில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மற்றதையும் முறையாகப் பழகிக்கொள்ளுங்கள்.

1. பூட்டையும் சாவியையும் விடாதீர்கள்.

நொதியும் அது பற்றும் சர்க்கரையும் பூட்டும் சாவியுமாகப் பொருந்த வேண்டும் என்று எமில் ஃபிஷர் சொன்னது 1894இல். அவர் பேசியது நொதிகளைப் பற்றி. நீங்கள் எல்லாப் புரதங்களுக்கும் நீட்டிவிடுங்கள். ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவம், அதாவது மையோகுளோபினுடையது, முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்ததே 1958இல்தான். வடிவம் இருந்தால்தான் வேலை என்று அப்போதே முடிவு கட்டியாயிற்று. இனி மாற்ற யாருக்கு நேரம்?

2. வெட்டுங்கள்.

வடிவத்தைப் படமெடுக்கத் தேவையான படிகம் வளரவில்லையா? வாலை வெட்டுங்கள். இன்னும் வளரவில்லையா? தலையையும். புற்றுநோயைத் தடுக்கும் பி53 நல்ல முன்மாதிரி. மொத்தம் 393 அமினோ அமிலங்கள். நடுவே டிஎன்ஏவைப் பற்றும் பகுதி கட்டுக்கோப்பானது. 1994இல் வந்த படிகப் படம் அந்தப் பகுதிக்குத்தான். தளர்ந்த முன்முனையைப் பிடித்துத்தான் எம்டிஎம்2 என்ற புரதம் பி53ஐ அழிவுக்கு அனுப்புகிறது. பின்முனையின் கடைசித் துண்டோ ஒரு கூட்டாளியிடம் சுருளாகிறது, இன்னொன்றிடம் நீண்ட இழையாகிறது. துண்டையே வெட்டி எறிந்துவிட்ட உங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

வெட்ட மறந்து, படத்தில் அந்தப் பகுதி தெரியாமல் போனால் புள்ளிக்கோடு போடுங்கள். கைடு கேட்டால் "அந்த இடத்துல டேட்டா சரியா வரலை சார்" என்று சொல்லுங்கள். சார் தலையாட்டுவார். அவர் பிஎச்.டி. வாங்கியதும் அப்படித்தான்.

3. பரிணாமத்தைச் சாட்சிக்கு அழையுங்கள்.

இது கொஞ்சம் நுணுக்கமான வேலை, நிதானமாகச் செய்யுங்கள். மனிதன், எலி, கோழி, மீன் எல்லாவற்றின் புரத வரிசைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். மடிந்த பகுதி அழகாக ஒத்துப்போகும். தளர்ந்த பகுதி கண்டபடி சிதறிக் கிடக்கும். உடனே எழுதுங்கள்: "பாதுகாக்கப்படவில்லை, ஆகவே பயனில்லை."

மடிந்த புரதத்தின் உட்புறத்தில் ஓர் அமினோ அமில எழுத்து மாறினாலே மொத்தமும் குலையலாம், தளர்ந்த பகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் சேர்க்கையையும் நீக்கலையும் அது எளிதாகத் தாங்குகிறது என்று யாராவது விளக்க வருவார்கள். இயற்கைத் தேர்வு அங்கே காப்பது எழுத்து வரிசையை அல்ல, மின்னூட்டத்தை, இடைத்தூரத்தை, சில குறுந்தொடர்களை என்பார்கள். அடினோவைரஸின் ஈ1ஏ புரதத்தைக் காட்டுவார்கள். அதன் இரண்டு பற்றிடங்களை இணைக்கும் தளர்ந்த பகுதியில் வைரஸுக்கு வைரஸ் எழுத்தும் நீளமும் மாறுகின்றன, ஆனாலும் இரு முனைகளுக்கும் இடையே வேண்டிய தூரம் காக்கப்படுகிறது. கேட்காதீர்கள். நீங்கள் அடுக்கியது எழுத்துகளை. தூரத்தை அளக்க உங்கள் மென்பொருளில் பொத்தான் இல்லை.

குறுந்தொடர்களை இன்னும் அலட்சியமாக நடத்துங்கள். லூசின், ஏதோ ஒன்று, சிஸ்டீன், ஏதோ ஒன்று, குளுட்டமேட். ஐந்தே இடம். இவ்வளவு சிறியது ஓரிரு பிறழ்வுகளில் புதிதாக முளைத்துவிடும், அப்படியே மறைந்தும்விடும். இந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் ஈ1ஏவும் பாப்பிலோமா வைரஸின் ஈ7உம் செல் பிளவுக்குத் தடைபோடும் ரெட்டினோபிளாஸ்டோமா புரதத்தை முடக்குகின்றன. வைரஸ்கள் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் ஏன் கற்க வேண்டும்? வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலில் எளிய வரிசைகளை மறைக்கும் பெட்டியில் டிக் செய்யுங்கள். தொந்தரவு முடிந்தது.

4. பாலைக் காய்ச்சும்போது யோசிக்காதீர்கள்.

முட்டை வெந்தால் கெட்டியாகிறது, பால் கொதித்தாலும் திரிவதில்லை. முட்டையின் புரதம் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பாலின் கேசீனுக்குக் குலைவதற்கென்று பெரிய மடிப்பே இல்லை. பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா சைனுக்ளினைப் பிரித்தெடுக்கச் செல் சாற்றையே கொதிக்க வைப்பார்கள். மற்றவை படிந்துவிடும், இது மட்டும் கரைசலில் நிற்கும். ஆய்வகத்தில் இதைச் செய்துவிட்டு, மதியம் வகுப்பில் "வடிவம் போனால் புரதம் போச்சு" என்று நடத்துங்கள்.

5. ஆல்ஃபாஃபோல்டை அப்படியே நம்புங்கள்.

புரத வடிவத்தைக் கணிக்கும் இந்த நிரலில் நீலத்தில் வருவது உறுதியான கணிப்பு. ஆரஞ்சு நிறத்தில் இடியாப்பம் பிழிந்ததுபோல் வருவது, "எனக்குத் தெரியாது" என்று அந்த நிரல் பணிவாகச் சொல்வது. நோபல் பரிசு வாங்கித் தந்த கருவி ஏன் பணிய வேண்டும்? அந்த ஆரஞ்சு இழையின் வளைவில் ஒரு மருந்து மூலக்கூறை உட்காரவைத்துப் படம் போடுங்கள்.

6. மடங்கியே தீரும் என்று அடம்பிடியுங்கள்.

தளர்ந்த பகுதிக்கும் வேலை உண்டு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தால், "கூட்டாளி கிடைத்ததும் மடங்கிவிடும்" என்று நிபந்தனை போடுங்கள். பல புரதங்கள் உங்கள் மானத்தைக் காப்பாற்றும். 2018இல் வெளியான புரோதைமோசின் ஆல்ஃபா, ஹிஸ்டோன் எச்1 ஆய்வை மட்டும் திறக்காதீர்கள். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இந்த இரண்டு புரதங்களும் இறுகப் பிணைந்த பிறகும் இரண்டுமே தளர்வாகத்தான் இருக்கின்றன.

7. தோற்றால் கட்சி மாறுங்கள்.

இதுதான் இன்றைய நாகரிகம். தளர்ந்த பகுதிக்கு விதியே இல்லை என்று அறிவியுங்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரன் குழு வெளியிட்ட வரைபடம், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று சொல்கிறது. நெளியும் சங்கிலிக்கும் அதே எல்லைதான். அதை நுழைவுத் தேர்வோடு மறந்துவிடுங்கள்.

பிறகு உங்கள் புரதத்தைச் செல்லுக்குள் இயல்பைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்யுங்கள். உருண்டையாகத் துளிகள் தெரியும். அதுதான் அதன் பணி என்று எழுதுங்கள். துளிகளைக் கரைக்கும் ஹெக்ஸேன்டையால் ஊற்றுங்கள். அது செல்லில் வேறு பலவற்றையும் கெடுக்கும் என்பவர்களைக் கருத்தரங்கில் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். துளி கரைந்தால் "திரவம் என்று நிரூபணமாயிற்று" என்று கட்டுரையை அனுப்புங்கள். கரையாவிட்டால் "முதிர்ந்து உறைந்துவிட்டது" என்று எழுதி அதே கட்டுரையை அனுப்புங்கள்.